நரம்புவலிக் குளிசையைக் குறைக்கும்போது

ஷெல் காயத்துக்கு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் பலர் கபாபென்டின், பிரிகாபலின் போன்ற குளிசைகளுடன் வாழ்கின்றனர். எரிவும் குத்தலும் தணிகின்றன. ஆனால் தலைச்சுற்று, தூக்க மயக்கம், மறதி, கால்வீக்கம் வரலாம். ஊன்றுகோலுடன் நடப்பவர் தலைச்சுற்றினால் விழுந்து எலும்பு முறியவும் கூடும்.

அதற்காகக் குளிசையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. நித்திரையின்மை, வியர்வை, பதற்றம், சிலருக்கு வலிப்பும் ஏற்படலாம். கபாபென்டினை நிறுத்தக் குறைந்தது 1 வாரம் வேண்டும். நீண்டகாலம் எடுத்தவர்களுக்கு மாதங்களும் ஆகலாம். எவ்வளவு குறைப்பது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

குறைத்த ஓரிரு நாளில் தொடங்கிப் படிப்படியாக அடங்கும் தொல்லை, பெரும்பாலும் குளிசை குறைந்ததால் வருவது. பழைய இடத்தில் பழைய வலி திரும்பி வந்து தங்கிவிட்டால், அந்த அளவு இன்னும் தேவைப்படுகிறது எனலாம். அப்போது முந்தைய அளவுக்குத் திரும்புவது தோல்வியல்ல. திகதி, அளவு, வலி, நித்திரை, விழுந்த நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி கிளினிக்குக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இம்மருந்துகள் சிறுநீரகம் வழியே வெளியேறுகின்றன. எனவே சிறுநீரக நோய் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். ட்ரமடோல் அல்லது மதுவுடன் சேர்ந்தால் சுவாசம் மந்தமாகலாம்.

புதிதாகக் கால் பலவீனமடைந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமற்போனாலோ, இருக்கும் இடம் மரத்துப்போனாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.