கேஸ் ஷீட்டில் காலியாக விட்ட இடம்

1961 ஜனவரி. டோக்கியோவின் ஹிரோ பகுதியில் இருந்த செஞ்சிலுவை மருத்துவமனைக்கு நாலு வயதுப் பையன் ஒருவன் வந்தான். விடாத காய்ச்சல். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு, ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்திருந்தது, கழுத்தில் நெறி கட்டியிருந்தது, உள்ளங்கை வீங்கியிருந்தது. பிறகு விரல்நுனியில் தோல் உரிந்தது. பையன் தேறி வீட்டுக்குப் போனான். டாக்டர் தொமிசாகு கவாசாகி, நோய் இன்னதென்று தெரியவில்லை என்றே குறித்து அனுப்பினார்.

குழந்தை டாக்டராக முடி நரைத்தவள் சொல்கிறேன், அப்படி எழுதக் கை லேசில் வராது. ஸ்கார்லெட் காய்ச்சல் என்று போட்டிருந்தால் பெற்றோருக்கும் சமாதானம், பெரிய டாக்டருக்கும் சமாதானம்.

மறு வருஷம் அதே முகத்தோடு இன்னொரு குழந்தை. அந்த ஆண்டே ஏழு பேரைப் பற்றி மருத்துவர் கூட்டத்தில் பேசினார். பழைய நோயின் இன்னொரு சாயல்தான் என்று ஒதுக்கினார்கள். 1967இல் ஐம்பது குழந்தைகளை வைத்து, நாற்பது பக்கத்துக்கு மேல் ஜப்பானிய மொழியில் எழுதினார். தானாக ஆறிவிடும், பின்விளைவு இல்லை என்பது அப்போது அவர் கணிப்பு.

பிணப் பரிசோதனை வேறு கதை சொன்னது. 1970இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது பத்துச் சாவுகள் தெரியவந்தன. தேறிவந்த குழந்தைகள் திடீரென்று போயிருந்தார்கள்: இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கொரோனரி குழாய் புடைத்து, உள்ளே ரத்தம் உறைந்து. 1974இல்தான் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. ஹவாயில் டாக்டர் மரியன் மெலிஷ் இதே நோயைத் தனியாகவே கண்டுகொண்டிருந்தார்.

1984இல் ஜப்பானில் டாக்டர் ஃபுருஷோவின் குழுவினர் காமா குளோபுலினை நரம்பில் ஏற்றிப் பலன் கண்டார்கள். வைத்தியமில்லாவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்குக் குழாய் கெடும். பத்து நாளுக்குள் மருந்து ஏறினால் அது நூற்றுக்கு ஐந்து அளவுக்கு இறங்கும். கூடவே ஆஸ்பிரின். குழந்தைக்குக் கொடுக்காதே என்று நாங்களே பயமுறுத்தும் மாத்திரை!

கவாசாகி 2020இல், 95 வயதில் காலமானார். அந்த நோயின் காரணம் இன்னும் பிடிபடவில்லை. உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனைகூடக் கிடையாது. அவர் போட்ட பட்டியலை வைத்துக்கொண்டு கண்ணால்தான் பார்க்கிறோம். அறிகுறிகள் ஒரே நாளில் வரிசைகட்டி வராது. அதனால் அம்மாவிடம் கேட்பேன், “முந்தாநாள் கண் சிவந்திருந்ததா? உடம்பில் தடிப்பு வந்து போச்சா?” ஆறு மாதம் ஆகாத சிசுவிடம் அந்தப் பட்டியலும் பாதிதான் தெரியும். இதயத்துக்கு ஆபத்து அதிகம் அந்த வயதில்தான். காய்ச்சல் விடவில்லையென்றால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிடுவேன்.