பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: டீசல் பம்பின் கதை

டீசல் வண்டி மேடேறும்போது இழுக்க மாட்டேங்குது, காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குது, ஓடிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு நின்னுடுதுன்னா, பல ஒர்க்‌ஷாப்புல முதல்ல வர்ற தீர்ப்பு இதுதான்: "பம்பு போச்சு சார்."

அதுக்கு அடுத்த கேள்வியை யாரும் கேக்கறதில்லை. எந்தப் பம்பு?

டீசல் லாரியில பம்பு ரெண்டு உண்டு. ஒண்ணு, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டர் வழியா தள்ளிவிடற சின்னப் பம்பு. நம்ம ஆளுங்க ஃபீட் பம்புன்னு சொல்வாங்க, அமெரிக்காவுல லிஃப்ட் பம்பு. இன்னொண்ணு, அந்த டீசலை வாங்கி பயங்கர அழுத்தத்துல நாசிலுக்கு அனுப்பற இன்ஜெக்‌ஷன் பம்பு. சின்னவர் ஒழுங்கா சோறு போட்டாத்தான் பெரியவர் உயிரோட இருப்பார். சின்னவர் வேலையில மட்டம் போட்டா முதல்ல சாகறது பெரியவர். பில் வர்றதும் பெரியவர் பேர்லதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு பெரியவங்க சொன்னது இதுக்கும் பொருந்தும்.

இந்தப் பதிவு இந்த ரெண்டு பம்போட வரலாறு. குறிப்பா, எது கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்கிற கலை நூறு வருஷத்துல எப்படி மாறுச்சுங்கற வரலாறு.

பம்பு வந்த பிறகுதான் லாரி

ருடால்ஃப் டீசல் தன்னோட இயந்திரத்தை ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் நகரத்துல 1893-ல் சோதிக்க ஆரம்பிச்சார். 1897 பிப்ரவரியில பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அளந்து பார்த்தப்போ எரிபொருள் சக்தியில 26 சதவீதத்துக்கு மேல வேலையா மாறுச்சு. அந்தக் காலத்து நீராவி இயந்திரங்களோட ஒப்பிட்டா இது பெரிய பாய்ச்சல்.

ஆனா ஒரு சிக்கல். சிலிண்டருக்குள்ள ஏற்கனவே காத்து அமுக்கப்பட்டு கொதிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள எண்ணெயை எப்படித் தள்றது? டீசல் கண்டுபிடிச்ச வழி, இன்னும் அதிக அழுத்தக் காத்தை வெச்சு எண்ணெயை ஊதி உள்ள அனுப்பறது. அதுக்கு தனியா ஒரு கம்ப்ரெஸர் வேணும். அது பெருசு, கனமானது. ஆலைக்கும் கப்பலுக்கும் சரி. லாரியில எங்க வைக்கிறது?

டீசல் 1913-ல் இங்கிலாந்து போற கப்பல்ல இருந்து காணாமப் போனார். அவர் பேரைச் சொல்ற லாரிகளை அவர் பார்க்கவே இல்லை. 1923, 24 வாக்கில பென்ஸும் எம்.ஏ.என்.-னும் முதல் டீசல் லாரிகளைக் கொண்டுவந்தாங்க. கம்ப்ரெஸர் போய், டீசலை நேரடியா தள்ளற பம்பு வந்துச்சு. ஆனா ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தெரிஞ்ச மாதிரி பம்பு செஞ்சுக்கிட்டிருந்தது. பெட்ரோல் வண்டிகளுக்கு மேக்னெட்டோ செஞ்சு பேர் வாங்கின ராபர்ட் பாஷ், 1922-ல் இந்த வேலையைக் கையில எடுக்க முடிவு பண்ணினார். 1927-ல் பம்புகள் வரிசையா உற்பத்திக்கு வந்துடுச்சு. சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், எல்லாம் வரிசையா ஒரே பெட்டியில. பிளஞ்சருக்கும் அதோட உறைக்கும் நடுவுல இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியோட தடிமன்ல சின்னப் பங்கு.

அந்த இடைவெளிக்கு உயவு எண்ணெய் எது? டீசலேதான்! இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

காதும் விரலும்

இந்தியாவுக்கு இந்தப் பம்பு வந்த வழி பெங்களூர். 1951-ல் அங்க தொடங்கின மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியை 'மைக்கோ'ன்னு சொன்னாத்தான் லாரிக்காரங்களுக்குத் தெரியும். 2008-ல் அதோட பேர் பாஷ் லிமிடெட்னு மாறின பிறகும் பழைய ஆளுங்க வாயில மைக்கோ பம்புதான்.

அந்த வரிசைப் பம்பு காலத்துல நோய் கண்டுபிடிக்கிற கருவி மெக்கானிக்கோட காதும் விரலும். ஃபீட் பம்பு மேல ஒரு கைப்பிடி இருக்கும், ஹேண்ட் பிரைமர். ப்ளீடிங் ஸ்க்ரூவைத் திறந்து அதை நாலு குத்து குத்தினா டீசல் வரும். நுரையா வந்தா எங்கேயோ காத்து எடுக்குது. நுரை நின்னு சுத்தமா வழிஞ்சா சரி. எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு பார்க்க, இன்ஜின் ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணுவாங்க. எதை லூஸ் பண்ணும்போது சத்தம் மாறலையோ, அதுதான் செத்த சிலிண்டர். குரு சிஷ்யனுக்கு சொல்லிக் கொடுத்த வித்தை. அம்பது அறுபது வருஷம் ஊரெல்லாம் லாரிகளை ஓட்டின வித்தை.

அமெரிக்காவுல கம்மின்ஸ் கம்பெனியோட கிளெஸ்ஸி கம்மின்ஸ் வேற பாதையில போனார். 1950-கள்ல வந்த அவரோட 'பி.டி.' முறையில எவ்வளவு எண்ணெய் உள்ள போகணும்ங்கறதை நிர்ணயிக்கிறது ரெண்டே விஷயம்: அழுத்தம், நேரம். அதனால அந்த இன்ஜின்களைத் தொட்ட மெக்கானிக்குகளுக்கு கேஜ் மாட்டி எரிபொருள் அழுத்தம் பார்க்கறது ஆரம்பப் பாடம். அளந்து பார்த்துப் பேசற பழக்கம் அங்க முன்னாடியே வேர் விட்டுச்சு.

கேஜ் இல்லாத டேஷ்போர்டு

இப்ப கதையோட முக்கியமான கட்டம். டாட்ஜ் கம்பெனி 1989 மாடல்ல இருந்து தன்னோட ராம் பிக்கப் டிரக்குல கம்மின்ஸோட 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினை வெச்சது. முதல்ல சுழல் பம்பு, 1994-ல் வரிசைப் பம்பு. ரெண்டுக்கும் லிஃப்ட் பம்பை ஓட்டினது இன்ஜினேதான். ஆரம்ப வண்டிகள்ல அதுக்குள்ள டயாஃப்ரம் கிழிஞ்சா டீசல் இன்ஜின் ஆயில்ல கலந்துடும். டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தாலே போதும், கேஜ்கூட வேணாம் :-)

1998 நடுவுல 24 வால்வு இன்ஜின் வந்தது. அதோட கூட பாஷோட வி.பி.44 பம்பு. தலைமேலயே ஒரு கம்ப்யூட்டரைச் சுமந்துக்கிட்டு இருக்கற மின்னணுப் பம்பு. அதுக்கு டீசல் கொடுக்க ஒரு சின்ன எலெக்ட்ரிக் லிஃப்ட் பம்பு. அதை இன்ஜின் பக்கத்துலயே போல்ட் போட்டு மாட்டிட்டாங்க. இங்கதான் வினை. இந்த மாதிரி பம்பு தள்றதுல கெட்டி, உறிஞ்சறதுல சோப்ளாங்கி. டேங்க் எங்கேயோ பின்னாடி. அங்கிருந்து உறிஞ்சணும். கூடவே இன்ஜினோட சூடு, அதிர்வு.

லிஃப்ட் பம்பு நல்லா இருந்தா கொடுக்கற அழுத்தம் 10-லிருந்து 15 பி.எஸ்.ஐ. நம்ம கார் டயர்ல இருக்கறதுல பாதிகூட இல்லை. ஆனா வி.பி.44-க்கு அது உயிர்நாடி. பம்புக்குள்ள ஒரு ஓவர்ஃப்ளோ வால்வு சுமார் 14 பி.எஸ்.ஐ.-ல திறந்து, மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும். அப்படிச் சுத்தி வர்ற டீசல்தான் பம்பைக் குளிர வைக்கிறது, வழவழப்பா வைக்கிறது. மின்னணுப் பெட்டியோட சூட்டையும் அதுதான் இறக்கணும். அழுத்தம் குறைஞ்சா அந்த ஓட்டம் குறையும். பம்பு சூடேறும், தேயும்.

இதுல கொடுமை என்னன்னா, லிஃப்ட் பம்பு பாதி செத்த நிலையில வண்டி ஒண்ணும் காட்டிக்கொடுக்காது. ஓடும். ஸ்டார்ட் ஆகும். டேஷ்போர்டுல எண்ணெய் அழுத்தம் இருக்கு, வெப்பம் இருக்கு, பேட்டரி இருக்கு. எரிபொருள் அழுத்தத்துக்கு மட்டும் கேஜ் கிடையாது! கடைசியில ஒருநாள் 'பி-0216'னு கோட் வரும். டைமிங் கோளாறுன்னு அர்த்தம். அப்ப பெரும்பாலும் பெரிய பம்பு போயே போச்சு. ஆயிரம் டாலருக்கு மேல செலவு. அதோட விட்டதா? லிஃப்ட் பம்பைப் பார்க்காம புதுசா மாட்டின வி.பி.44-உம் அதே கதியாகும்.

டிரைவர்கள் எழுதின வைத்திய சாஸ்திரம்

இதுக்கு மருந்து கண்டுபிடிச்சதுல பெரிய பங்கு வண்டி சொந்தக்காரங்களோடது. குதிரை ஏத்தற ட்ரெய்லரை இழுத்துக்கிட்டு ஓட்டறவங்க, விவசாயிங்க, சின்ன காண்ட்ராக்டருங்க. தனியா ஒரு கேஜ் வாங்கி கேபின்ல மாட்டிக்கிட்டாங்க. அதுலயும் பிரச்சனை. டீசல் துடிச்சுத் துடிச்சு வர்றதால கேஜ் முள் ஆடி ஆடியே செத்துப்போகும். நடுவுல ஒரு நீடில் வால்வு போட்டு துடிப்பை அடக்கினாங்க. டீசல் குழாய் கேபினுக்குள்ள வரக்கூடாதுன்னு நடுவுல தடுப்பு வெச்சு, அந்தப் பக்கம் கூலண்ட் நிரப்பி அழுத்தத்தை மட்டும் உள்ள கொண்டுவந்தாங்க.

அவங்க முறை ரொம்ப எளிமை. ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டிவிட்டா, இன்ஜின் ஓடாமலே லிஃப்ட் பம்பு இருபது இருபத்தஞ்சு செகண்ட் ஓடும். அப்ப ஒரு அளவு. ஐட்லிங்ல ஒண்ணு. சமதளத்துல போகும்போது ஒண்ணு. கடைசியா சுமையோட மேட்டுல முழுசா மிதிச்சு ஒண்ணு. இந்தக் கடைசி அளவுதான் உண்மையைச் சொல்லும். நின்ன இடத்துல 14 காட்டி மேட்டுல 5-க்குக் கீழ விழுந்தா, தாமதிக்காம கவனிக்கணும்.

ஆனா உடனே பம்பைக் குத்தம் சொல்லக்கூடாது. ஃபில்டருக்கு முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு எடுக்கணும். முன்னாடி நல்லா இருந்து பின்னாடி குறைஞ்சா ஃபில்டர் அடைப்பு. ரெண்டு பக்கமும் குறைவா இருந்தா பம்பு, இல்லைன்னா அதுக்கு முன்னாடி உறிஞ்சற பக்கம். அங்க ஒரு கண்ணாடி மாதிரி தெரியற ஹோஸைப் போட்டு குமிழி வருதான்னு பார்க்கணும். வந்தா காத்து எடுக்குது. அதோட, குறிப்பிட்ட நேரத்துல எத்தனை டீசல் வருதுன்னு கேன்ல பிடிச்சு அளக்கணும். ஏன்னா போற வழியில அடைப்பு இருந்தா அழுத்தம் பொய்யா நல்லாத் தெரியும், அளவு பொய் சொல்லாது.

பின்னாடி இந்த வண்டிகளுக்கு மாற்றா டேங்குக்குள்ளயே வைக்கிற பம்பு வந்தது. உறிஞ்சற வேலை போய் தள்ற வேலை மட்டும். டிரைவர்களோட கேஜ் முதல்லயே சொன்ன விஷயம்தான்.

பழைய வித்தை ஆளைக் கொல்லும்

1995-ல் ஜப்பான்ல ஹினோ லாரியில டென்ஸோவோட காமன் ரெயில் முறை வந்தது. 1997-ல் பாஷோட காமன் ரெயில் கார்ல வந்துச்சு. 2003 மாடல் ராம்லயும் வி.பி.44 போய் சி.பி.3 பம்பு வந்தது. இப்ப ரெயிலுக்குள்ள அழுத்தம் 1600 பார், அதாவது கிட்டத்தட்ட 23,000 பி.எஸ்.ஐ. கார் டயரைப் போல எழுநூறு மடங்கு.

இங்கதான் அந்தப் பழைய வித்தை யமனாகுது. ஓடற இன்ஜின்ல நட்டை லூஸ் பண்ற பழக்கம், கசிவை விரல் வெச்சுத் தேடற பழக்கம், ரெண்டுமே இங்க ஆகாது. ஊசி முனை அளவு ஓட்டையில இருந்து வர்ற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள இறங்கிடும். வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும். வலிகூட முதல்ல பெருசா இருக்காது. உடனே ஆபரேஷன் செய்யலைன்னா விரலோ கையோ போயிடலாம். தெரிஞ்ச மெக்கானிக் யாராவது இருந்தா இதை மட்டும் கண்டிப்பா சொல்லி வைங்க. இதுல ஸ்கேனர்ல கேட்ட அழுத்தம் எவ்வளவு, வந்த அழுத்தம் எவ்வளவுன்னு ஒப்பிட்டுப் பார்க்கறதுதான் முறை. சின்னப் பம்புக்கு மட்டும் இப்பவும் கேஜ்தான்.

இதுக்கு நடுவுல டீசலும் மாறிப்போச்சு. அமெரிக்க நெடுஞ்சாலை டீசல்ல கந்தகம் 1993-ல் 500 பி.பி.எம்., 2006-ல் 15. இந்தியாவுல 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தப்போ 10. நுரையீரலுக்கு நல்லது. ஆனா கந்தகத்தை எடுக்கற சுத்திகரிப்புல டீசலோட இயற்கையான வழவழப்பும் சேர்ந்து போகுது, தனியா மருந்து கலந்து ஈடுகட்டணும். டீசலையே உயவா நம்பின பம்புகளுக்கு இது சோதனை. சி.பி.4-ங்கற அடுத்த பம்பு உடைஞ்சா, இரும்புத் தூள் ரெயில், நாசில்னு எல்லா இடத்துலயும் பரவி மொத்தத்தையும் மாத்த வேண்டி வரும். 2019, 2020 மாடல் ராம் டிரக்குகள் 2 லட்சத்துக்கும் மேல 2021-ல் திரும்ப அழைக்கப்பட்டு, பழைய சி.பி.3-யே மறுபடி மாட்டப்பட்டது.

எனக்கு இந்த வரலாற்றுல பிடிச்சது அந்தக் கேஜ். கம்பெனி வைக்காத முள்ளை, வண்டி ஓட்டறவன் தன் காசுல வாங்கி வெச்சுக்கிட்டான். ஒரே ஒரு லாரியை வெச்சு மாசத் தவணை கட்டறவருக்கு ரெண்டாவது தடவை பம்பு மாத்தறதுங்கறது சின்ன விஷயமில்லை, வண்டியையே இழக்க வைக்கலாம். அதனால "பம்பு போச்சு"ன்னு யாராவது சொன்னா, எவ்வளவு பெரிய ஒர்க்‌ஷாப்பா இருந்தாலும் கூச்சப்படாம ரெண்டு கேள்வி கேளுங்க. எந்தப் பம்பு? அளந்து பார்த்தீங்களா?