சாவடி நகர்ந்த கதை: பாறசாலை எல்லையில் சோதனையும் உரிமையும்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதுவரை அந்தச் சாலையின் இரு பக்கமும் ஒரே நாடு. பழைய தலைநகரான பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகிறவர், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று முழுக்கத் திருவிதாங்கூர் மண்ணிலேயே போனார். சரக்கையும் ஆளையும் நிறுத்திப் பார்த்த எல்லை கிழக்கே சுமார் 50 கி.மீ. தள்ளி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரும் வண்டிகளும் தலைச்சுமைக்காரர்களும் அங்கிருந்த சுங்கச் சவுக்கையைக் கடந்தே நாஞ்சில் நாட்டுக்குள் வரவேண்டும். மிளகு, புகையிலை, உப்பு மூன்றும் நெடுங்காலம் சர்க்காரின் ஏகபோகம். ஆகவே மூட்டையை அவிழ்ப்பது கஜானாவைக் காக்கும் வேலையாகக் கருதப்பட்டது. சோதிப்பது சர்க்காரின் உரிமை. சோதிக்கப்படுகிறவருக்கும் உரிமை உண்டு என்ற நினைப்புக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. திருவிதாங்கூர் திவான் மாதவராவ் காலத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. மிளகு ஏகபோகம் 1860இலும் புகையிலை ஏகபோகம் 1863இலும் போயின. 1865இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை, புகையிலை, உப்பு, அபினி போன்ற சில பொருள்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் மீதான எல்லைச் சுங்கத்தை நீக்கியது. கணவாயில் காத்துக்கிடந்த வண்டிகளுக்கு அது பெரிய விடுதலை.

இந்திய விடுதலைக்குப் பிந்தைய எல்லைப் பிரச்சினை இந்தக் கதையைப் புரட்டிப்போட்டது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் வாழும் தென் வட்டங்களோடு நெய்யாற்றின்கரை வட்டத்தின் தமிழ்ப் பகுதிகளையும் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டது. அந்தக் கோரிக்கைக்கான போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. இரண்டு ஆண்டுகள் கழித்து மாநிலச் சீரமைப்பில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. ஊரம்பு, பனச்சமூடு, வெள்ளறடை, பொழியூர், நீரோடி என்று கடல்வரை நீளும் ஊர்களில் புகுந்த வீடு ஒரு மாநிலம், பிறந்த வீடு மறு மாநிலம் என்றானது. சந்தைக்குப் போவது மாநிலம் விட்டு மாநிலம் போவதானது.

அரிசிதான் முதலில் அகப்பட்டது. திருவிதாங்கூருக்குச் சோறு போட்ட நாஞ்சில் நாடு தமிழகத்துக்குப் போனதால் கேரளத்தின் நெல் பற்றாக்குறை கூடியது. 1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கையும் சேர்த்துத் தென்மண்டலம் அமைத்தபோது அரிசி தடையின்றி நடமாடியது. 1964இல் அந்த மண்டலம் கலைந்து ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமானது. நேற்றுவரை வியாபாரமாக இருந்தது ஒரே உத்தரவில் கடத்தலானது. தோட்டங்களுக்கு ஊடே போகும் ஒற்றையடிப் பாதைகள் இருந்ததால் நெடுஞ்சாலைச் சாவடி ஒன்று மட்டும் போதவில்லை. ஊடுவழிகளிலும் காவல் நின்றது. அரிசி கடத்திப் பிடிபட்டவர்களில் முதலாளிகளைவிடச் சுமப்பவர்களே எளிதில் கைக்கு எட்டியிருக்கக்கூடும். தமிழக ரேஷன் அரிசி இந்த வழியாகக் கேரளம் போவதும், அதைப் பிடிக்கக் குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுப் போலீஸ் காத்திருப்பதும் இன்றும் ஓயவில்லை.

லாரிகளுக்கு வந்த சோதனை வேறு வகை. 1959ஆம் ஆண்டின் சென்னை விற்பனைவரிச் சட்டமும் 1963ஆம் ஆண்டின் கேரள விற்பனைவரிச் சட்டமும் எல்லைச் சாவடிகளுக்கு அதிகாரம் தந்தன. நெய்யாற்றங்கரையில் இருக்கும் அமரவிளை, வரிசைகட்டி நிற்கும் லாரிகளுக்குப் பேர்போன ஊரானது. பில்லில் ஒரு குறை இருந்தால் சரக்கே பறிபோகலாம் என்ற அச்சத்தில் டிரைவர் நின்றார். இந்த அச்சத்துக்கு வரம்பு கட்டியவை தமிழகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன இரண்டு வழக்குகள். வரி அதிகாரி செய்யும் சோதனைக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பாதுகாப்புகள் பொருந்தும், காரணத்தை எழுதி வைத்த பிறகே சோதிக்க வேண்டும் என்று ராம்கிஷண் ஜாவர் வழக்கில் 1967இல் முடிவானது. கோயம்புத்தூர் சாவடி அதிகாரிக்கும் கே.பி. அப்துல்லா நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 1970இல் வந்த தீர்ப்பு இன்னும் தெளிவானது: விற்பனைக்கு வரி போடும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, விற்கப்பட்டதா என்றே தெரியாத சரக்கை ஆவணம் இல்லை என்பதற்காகப் பறிமுதல் செய்யச் சட்டம் இயற்ற முடியாது. சாவடியில் நிற்கும் மனிதருக்கும் சட்டம் உண்டு என்பதை இவ்வளவு திட்டமாகச் சொன்ன தீர்ப்புகள் குறைவு.

சரக்கை விட்டு உடலைத் தொடும் சோதனை மதுவாலும் போதைப்பொருளாலும் வந்தது. எல்லைக்கு மேற்கே கொல்லம் ஆண்டு 1077இல் கொச்சியில் பிறந்து, 1967இல் கேரளம் முழுதுக்கும் விரிந்த அப்காரிச் சட்டம். கிழக்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். களியக்காவிளையில் முறையாக வாங்கிய புட்டி அமரவிளை கலால் சாவடியில் குற்றப்பொருளாகலாம். அப்காரிச் சட்டப்படி சோதனைக்குச் சாட்சியாக அழைக்கப்படும் இருவர் கலால், போலீஸ், கிராம அலுவலர்களாக இருக்கக்கூடாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியம் குலையாமல்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவு இதையும் தாண்டிப் போகிறது. பயணியின் உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ முன்னிலையில் சோதிக்கப்பட அவருக்கு உரிமை உண்டு என்பதை அதிகாரி வாய்திறந்து சொல்லியாக வேண்டும். பல்தேவ் சிங் வழக்கில் 1999இல் அரசியல் சாசன அமர்வு இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் கையிலுள்ள பை உடலாகாது என்று 2005இல் பவன் குமார் வழக்கில் தீர்ந்துவிட்டது. பஸ்ஸில் ஏறித் தட்டிலுள்ள பைகளைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு 50ஆம் பிரிவு தடையில்லை. அதே பயணியின் சட்டைப்பைக்குள் கைவிடும்போதுதான் அது குறுக்கே வருகிறது. காரணமின்றித் தொல்லைதரச் சோதிக்கும் அதிகாரிக்கு 6 மாதம் வரை சிறை உண்டு என்று அதே சட்டத்தின் 58ஆம் பிரிவு சொல்கிறது.

கைது என்று வந்தால் அரசியல் சாசனத்தின் 22ஆம் கூறு இரு மாநிலத்துக்கும் பொது: காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், வழிப்பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வாரண்டோடு வெளிமாவட்டத்தில் பிடிக்கும்போது அங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவது பொது விதி. வாரண்ட் தந்த நீதிமன்றம் 30 கி.மீ.க்குள் இருந்தால் அது தேவையில்லை. நெய்யாற்றின்கரை நீதிமன்றம் களியக்காவிளையிலிருந்து அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. எனவே களியக்காவிளைக்காரர் ஒருவர் குழித்துறை நீதிமன்றத்தைப் பார்க்காமலேயே எல்லை தாண்டக்கூடும். எல்லையோர ஊர்க்காரர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததோடு வரிச்சாவடிகள் மூடப்பட்டன. சோதனை மட்டும் சாலைக்கு இறங்கியது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். நிறுத்திய அதிகாரி 24 மணி நேரத்துக்குள் சுருக்க அறிக்கையைப் பதிவேற்ற வேண்டும். வண்டி 30 நிமிடத்துக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டால், அதை இ.டபிள்யூ.பி.-04 படிவத்தில் லாரிக்காரரே பதிவுசெய்யலாம். அமரவிளையில் ராத்திரி முழுக்கக் கிடந்த தலைமுறைக்குக் கிடைக்காத கருவி அது.

2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டதும், சில வாரங்களில் கொரோனா முடக்கம் வந்து எல்லையின் கேரளப் பக்கத்து இஞ்சிவிளையில் பாஸ் இல்லாதவர் திருப்பி அனுப்பப்பட்டதும் எல்லையை மறுபடி இறுக்கின. சோதிப்பவரும் ஆபத்தில் நிற்கிறார் என்பது உண்மை. அதற்காகச் சோதிக்கப்படுபவரின் பாதுகாப்பு குறைந்துவிடாது. சட்டம் எதிர்த்திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும், பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட, ஒலி-ஒளியில் பதிவுசெய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. பொது இடத்தில் நடக்கும் போலீஸ் நடவடிக்கையை மக்கள் சட்டப்படி பதிவுசெய்வதைத் தடுக்கக்கூடாது என்று 2011ஆம் ஆண்டின் கேரள போலீஸ் சட்டம் 33ஆம் பிரிவில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. இஞ்சிவிளைப் பக்கம் நிறுத்தப்படும் தமிழகப் பயணிக்கும் அந்தப் பிரிவு பொருந்தும்.