எழுத்தாளனும் ஏஜெண்டும்

ஏஜெண்டு என்ற சொல் நம் தோட்டத்து மக்களின் செவியில் இனிமையாக ஒலிப்பதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. நம் பாட்டனையும் பூட்டனையும் ஊரிலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்தவன் ஒரு வகையில் ஏஜெண்டே. அவனுக்குக் கங்காணி என்று பெயர். ஊரில் நின்று பேசியபோது அவன் உறவினனாகப் பேசினான். தோட்டத்திற்கு வந்தபின் துரையின் ஆளாக நின்றான். ஆளொன்றுக்கு இத்தனை காசு என்று அவனுக்குப் படியளந்தது தோட்ட நிர்வாகமேயன்றி, அவன் சொல்லை நம்பி வந்த தொழிலாளர் அல்லர். 1938ஆம் ஆண்டில், தொழிலாளரை வழிச்செலவு கொடுத்து மலேயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அத்தோடு அந்த ஆள்பிடிப்பும் ஓய்ந்தது. ஆயினும் அது கற்பித்த பாடம் ஓய்ந்துவிடவில்லை. இருவருக்கு நடுவே ஒருவன் நிற்பானாயின், அவன் யார் கையிலிருந்து கூலி வாங்குகிறான் என்பதை முதலில் கேட்கவேண்டும் என்பதே அப்பாடம்.

அக்கேள்வியை நாம் ஒருமுறை கேட்க மறந்தோம்; மறந்ததன் பலனையும் அடைந்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம். இன்று நம் இளைஞர்களில் சிலர் ஆங்கிலத்தில் நாவல் எழுதி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்ப விழைகின்றனர். அங்குள்ள பெரிய பதிப்பாளர்களிற் பலர் ஏஜெண்டு வழியாக வராத கையெழுத்துப் பிரதியைப் புரட்டியும் பார்ப்பதில்லை. ஆகவே இந்த இலக்கிய ஏஜெண்டு என்பவர் யார், எங்ஙனம் தோன்றினார், எவருக்காக உழைக்கிறார் என்பவற்றை அறிந்துகொள்வது நம்மவர்க்கு இன்றியமையாததாகும்.

நூலாசிரியரின் சார்பில் பதிப்பாளரிடம் பேரம் பேசி, ஒப்பந்தம் முடித்து, வரும் பணத்தில் ஒரு பங்கைத் தம் கூலியாகப் பெறுபவரே இலக்கிய ஏஜெண்டு. இப்படி ஒருவர் இல்லாத காலத்தில் ஆசிரியரின் நிலை என்னவாயிருந்தது? இங்கிலாந்தின் மகாகவிகளுள் ஒருவரான மில்டன், தமது பெருங்காப்பியமாகிய "இழந்த சுவர்க்க"த்தை 1667இல் ஒரு பதிப்பாளருக்கு விற்றார். கையில் வாங்கிய தொகை 5 பவுன். முதற் பதிப்பில் 1,300 பிரதிகள் விற்றபின் மேலும் 5 பவுன் என்பது பேச்சு. கவி இறந்தபின் அவருடைய மனைவியார் எஞ்சியிருந்த உரிமை முழுவதையும் 8 பவுனுக்குத் தீர்த்துக் கொடுத்துவிட்டார்.

1710இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் அமுலுக்கு வந்து, நூலின் உரிமை அதனை எழுதியவருக்கே முதலில் உரியது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சட்டம் உரிமையைத் தரும்; பேரம் பேசும் திறமையைத் தராது. 1803இல் ஜேன் ஆஸ்டின் அம்மையார் ஒரு நாவலை 10 பவுனுக்கு விற்றார். வாங்கியவர் அதனை அச்சிடவில்லை. பெட்டியில் போட்டு வைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து அம்மையார் கடிதம் எழுதிக் கேட்டபோது, கொடுத்த 10 பவுனைத் திருப்பிக் கொடுத்தால் பிரதியைத் தருவதாகவும், வேறெவரேனும் வெளியிட்டால் நடவடிக்கை எடுப்பதாகவும் பதில் வந்தது. 1816இல்தான் அவருடைய சகோதரர் ஹென்றி பணத்தைக் கட்டி அதனை மீட்டார். கையில் பிரதி வந்தபின்னரே, "உலகம் புகழும் இன்ன நாவலை எழுதியவரின் நூல் இது" என்ற இரகசியத்தை அப்பதிப்பாளருக்கு அவர் வெளியிட்டாராம். அந்நூல் அச்சாகி வெளிவந்தபோது அம்மையார் உயிரோடு இல்லை. தமக்கென நின்று பேச ஓர் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தச் சகோதரரே சாட்சி. ஆனால் எல்லா எழுத்தாளருக்கும் அத்தகைய சகோதரர் வாய்ப்பதில்லையே!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறிற்று. 1870இல் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் பிறந்தது. படிக்கத் தெரிந்த ஏழைமக்கள் பெருகினர். அவர்களுக்கென வாரப் பத்திரிகைகளும் மாதப் பத்திரிகைகளும் பெருகின. ஒரே கதை முதலில் பத்திரிகையில் தொடராக வந்தது. பின்பு நூலாக வந்தது. அதன்பின் மலிவுப் பதிப்பாகவும், குடியேற்ற நாடுகளுக்கான பதிப்பாகவும், மொழிபெயர்ப்பாகவும், நாடகமாகவும் வந்தது. 1886இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடிப் பதிப்புரிமை உடன்படிக்கை செய்துகொண்டன. 1891இல் அமெரிக்காவும் அயல்நாட்டு ஆசிரியரின் உரிமையை மதிக்க ஒரு சட்டம் செய்தது. தென்னை மரத்தை நிலத்தோடு விற்பவன் ஒரு தொகையே பெறுவான். இளநீரையும் தேங்காயையும் ஓலையையும் வேறு வேறாக விற்கத் தெரிந்தவன் மரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பல தொகை பெறுவான். கதையும் அப்படிப்பட்ட தென்னை ஆகிவிட்டது. அதன் பயன்களைப் பிரித்து விற்கத் தெரிந்தவர் தேவைப்பட்டார்.

அந்தத் தேவையிலிருந்து தோன்றியவர்களில் முதல்வராக எண்ணப்படுபவர் ஏ. பி. வாட் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். பதிப்புத் தொழிலிலும் விளம்பரத் தொழிலிலும் பழகிய அவர், ஜார்ஜ் மக்டொனால்டு என்ற நண்பருக்காகக் கதைகளை விற்றுக் கொடுக்கப் புகுந்து, 1870களின் பிற்பகுதியிலும் 1880களிலும் அதனையே தம் தொழிலாக ஆக்கிக்கொண்டார். ஆசிரியருக்கு வரும் தொகையில் நூற்றுக்குப் பத்து தமக்கு என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். அதன் நுட்பத்தைக் கவனியுங்கள். ஆசிரியருக்கு 100 பவுன் வந்தால் ஏஜெண்டுக்கு 10 பவுன்; ஆசிரியருக்கு ஒன்றுமில்லையானால் ஏஜெண்டுக்கும் ஒன்றுமில்லை. கங்காணியின் கணக்குக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கானன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவோனைப் படைத்த முதல் நாவலை 1886இல் 25 பவுனுக்கு அடியோடு விற்றுவிட்டார். அந்நூல் எத்தனையோ பதிப்புகள் கண்டும் அதன்பின் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 1891இல் ஹோம்ஸ் சிறுகதைகளை "ஸ்டிராண்ட்" பத்திரிகைக்கு அனுப்பியவர் வாட். கதைகளுக்குக் கிராக்கி ஏறியதும் ஒவ்வொன்றுக்கும் 50 பவுன் கேட்கப்பட்டது, பத்திரிகை கொடுத்தது. அதன்பின் பன்னிரண்டு கதைகளுக்கு 1,000 பவுன் கேட்கப்பட்டது, அதையும் கொடுத்தது. எழுதியவர் அதே மனிதர்தாம்; ஆனால் இம்முறை கதை அடியோடு கைமாறவில்லை.

பதிப்பாளர்கள் இதை விரும்பவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ? வில்லியம் ஹைன்மன் என்ற பெரும் பதிப்பாளர் 1893இல் ஏஜெண்டை ஒட்டுண்ணி என்றே பழித்து எழுதினார். மறுபுறம், 1884இல் எழுத்தாளர் சங்கத்தை நிறுவிய வால்டர் பெசண்ட், தாமே வாட்டின் வாடிக்கையாளராக இருந்து அத்தொழிலை ஆதரித்தார். அதே வேளையில், புதிய எழுத்தாளரிடம் பணம் பறிக்கும் போலிகளைப் பற்றியும் அச்சங்கத்தின் பத்திரிகை எச்சரித்து வந்தது. ஏஜெண்டு என்ற பெயர்ப்பலகை தோன்றிய அன்றே போலிப் பெயர்ப்பலகையும் தோன்றிவிட்டது போலும்!

இனி, நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு வரலாற்றைக் கூறுவோம். போலந்துக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலக் கப்பல்களில் மாலுமியாகி, 1887இல் சிங்கப்பூர் மருத்துவமனையில் நோயாளியாகப் படுத்திருந்த ஒருவர், பின்பு சிங்கப்பூரிலிருந்து போர்னியோத் தீவுக்குச் சென்றுவந்த "விடார்" என்னும் நீராவிக்கப்பலில் வேலை பார்த்தார். அவரே ஜோசப் கான்ராட். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று. வளர்ந்தபின் கற்ற மொழி. போர்னியோவில் கண்டவற்றை வைத்து எழுதிய முதல் நாவலை 1895இல் வெளியிட்ட பதிப்பாளர் அதன் உரிமைக்குக் கொடுத்தது 20 பவுன்.

1896இல் லண்டனில் ஜே. பி. பிங்கர் என்பவர் ஏஜெண்டாகக் கடை திறந்தார். பெயர் பெற்றவரை மட்டும் நாடாமல், வளரும் எழுத்தாளரையும் ஏற்றுக்கொண்டவர் என்று அவரைச் சொல்வர். சில ஆண்டுகளில் கான்ராட் அவரிடம் வந்து சேர்ந்தார். கான்ராடின் நூல்களை அறிஞர் போற்றினர், வாங்குவோர் குறைவு. எழுதுவதிலோ அவர் மிகத் தாமதம். குடும்பச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் பிங்கர் முன்பணம் கொடுத்துக்கொண்டே வந்தார். 1908 அளவில் அக்கடன் 1,500 பவுனுக்கு மேலாயிற்று. 1910இல் இருவருக்கும் பெரும் சண்டை மூண்டது; கான்ராட் நோயில் விழுந்தார்; சிலகாலம் கடிதப் போக்குவரத்தும் கசந்துபோயிற்று. ஆயினும் தொடர்பு அறவில்லை. 1914இல் வெளிவந்த "சான்ஸ்" என்ற நாவல் எதிர்பாராத அளவு விற்றது. ஆசிரியரின் வறுமையும் நீங்கியது. பிங்கர் தியாகி அல்லர்; வியாபாரி. ஆனால் ஆசிரியர் வென்றாலன்றித் தமக்கு வெற்றியில்லை என்று அறிந்த வியாபாரி.

நம் இனத்தவர் ஒருவரின் கதையும் இங்கே கூறத்தக்கது. சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் தமது முதல் நாவலை இங்கிலாந்துப் பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். அது திரும்பித் திரும்பி வந்தது. மனம் வெறுத்து, ஆக்ஸ்போர்டிலிருந்த நண்பருக்கு, பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி எழுதினார். நண்பர் எறியவில்லை, கிரகாம் கிரீன் என்ற நாவலாசிரியரிடம் கொடுத்தார். கிரீனின் முயற்சியால் 1935இல் "சுவாமியும் நண்பர்களும்" வெளிவந்தது. பின்பு கிரீனின் ஏஜெண்டாகிய டேவிட் ஹையம் நாராயணின் காரியங்களையும் கவனித்தார். நாராயணின் முதல் மூன்று நாவல்களை வெளியிட்டவர் மூன்று வெவ்வேறு பதிப்பாளர். பதிப்பாளர் கைவிடும்போதெல்லாம் அடுத்தவரைத் தேட, கடல் கடந்த ஊரில் ஒருவர் இருக்கவேண்டியது எத்துணை அவசியம் என்பதை இது காட்டுகிறது.

இப்போது நம் கதைக்கு வருவோம். நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் காரியாலயத்தில் கணக்கெழுதும் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் படித்தோம் என்ற செருக்கும் நமக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், லயத்து வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி, வெளிநாட்டு ஏஜெண்டு என்று விளம்பரம் செய்துகொண்ட ஒருவருக்கு அனுப்பினோம். மூன்றே நாளில் புகழுரையோடு பதில் வந்தது. கூடவே படிப்புக் கட்டணம் கேட்கப்பட்டது, கொடுத்தோம். அடுத்துத் திருத்தக் கட்டணம் கேட்கப்பட்டது. மனைவியின் காப்பை அடகு வைத்துக் கொடுத்தோம். அதன்பின் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. எடை குறைந்த குலைக்கு ஒரு காசு கூடுதலாகக் கணக்கெழுதச் சம்மதியாத நாம், நம் சொந்தக் கணக்கில், "இவன் யார் கையிலிருந்து கூலி வாங்குகிறான்?" என்று கேட்கவில்லை. பதிப்பாளரிடமிருந்து ஆசிரியருக்கு வரும் பணத்தில் பங்கு வாங்குபவனே ஏஜெண்டு. ஆசிரியரின் பையிலிருந்தே வாங்குபவனுக்கு நூல் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? காப்பு மீண்டு வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அந்தப் பிரதி இன்னும் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே எழுத முனையும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். முதலாவது, நாவலை முழுவதும் எழுதி முடித்து, இருமுறையேனும் திருத்திய பின்னரே ஏஜெண்டை நாடுங்கள். புதியவரின் அரைகுறை நாவலை ஏற்பவர் அரிது. இரண்டாவது, எந்த ஏஜெண்டு எவ்வகை நூல்களை ஏற்கிறார் என்று பாருங்கள். நீங்கள் விரும்பிப் படித்த நூல்களின் நன்றியுரைப் பக்கத்தில் ஆசிரியர் தம் ஏஜெண்டின் பெயரைக் கூறியிருப்பது உண்டு. மூன்றாவது, ஒரு பக்கக் கடிதம், கதைச்சுருக்கம், தொடக்க அத்தியாயங்கள் ஆகியவற்றை அவரவர் கேட்கும் முறைப்படியே அனுப்புங்கள், தற்புகழ்ச்சி வேண்டாம். நான்காவது, இன்று பெரும்பாலும் உள்நாட்டு விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்தும், அயல்நாட்டு உரிமைகளில் நூற்றுக்கு இருபதும் ஏஜெண்டின் பங்காக வழங்குகின்றன. அதற்கு முன்னதாக ஒரு காசு கேட்டாலும் கதவைச் சாத்துங்கள். ஐந்தாவது, ஒப்பந்தத்தில் எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எவ்வாறு விலகுவது என்ற மூன்றையும் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையொப்பமிடுங்கள்.

தமிழில் எழுதுவோருக்கு இவையெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தமிழ் நூலுலகில் ஏஜெண்டு வைக்கும் வழக்கம் பரவலாக இல்லை என்பது உண்மையே. இந்நாட்டில் நம் எழுத்தாளர் பலர் தாமே அச்சுக்கூலி கொடுத்து, வெளியீட்டு விழா நடத்தி, மாலையோடு வரும் அன்பளிப்பைக் கொண்டு கடனை அடைக்கின்றனர். உழைத்தவன் கூலி கேட்பது இழுக்கென்று எண்ணும் இக்கூச்சம் ஒழியவேண்டும். மரம் வெட்டியவனும் குலை சுமந்தவனும் கூலி கேட்டுப் போராடிய மண் இது. எழுதுகோல் பிடித்தவன் மட்டும் ஏன் வாய்மூடி நிற்கவேண்டும்? ஏஜெண்டு இல்லாத இடத்தில், ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு நண்பரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் காரியாலயத்துக்குச் சென்ற மாதம் ஓர் இளைஞன் வந்தான். பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை. கையில் ஒரு நாவலும், படிப்புக் கட்டணம் கேட்டு வந்த ஒரு கடிதமும் இருந்தன. "அண்ணே, அனுப்பலாமா?" என்று கேட்டான். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நாவலை மட்டும் அவனிடம் திருப்பிக் கொடுத்தோம். அவனுக்காகவே இக்கட்டுரையை எழுதலானோம்.