குளிர்சாதனப் பெட்டி உள்விளக்கு

குளிர்சாதனப் பெட்டி உள்விளக்கு என்பது, குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கப்படும்போது அதன் உட்பகுதிக்கு ஒளி தரும் சிறு மின்விளக்கு ஆகும். நெடுங்காலம் இதற்கு மின்னிழை விளக்கே (குண்டு பல்பு) பயன்பட்டது. தற்போது எல்.இ.டி எனப்படும் ஒளியுமிழ் இருமுனையம் அதன் இடத்தைப் பிடித்துள்ளது. பழைய பெட்டிகளிலும் இம்மாற்றத்தைச் செய்ய இயலும்; எனினும் எல்லா வகைகளுக்கும் இது பொருந்தாது.

அமைப்பு

கதவின் ஓரத்தில் உள்ள பொத்தான், கதவு மூடும்போது அழுத்தப்பட்டு விளக்கை அணைக்கிறது. ஐரோப்பாவிலும் 230 வோல்ட் மின்சாரம் வழங்கும் பல நாடுகளிலும், ஈ14 எனக் குறிக்கப்படும் 14 மில்லிமீட்டர் திருகு அடி கொண்ட 15 வாட் விளக்கு பரவலாகக் காணப்படுகிறது.

வெப்பமும் மின்சேமிப்பும்

மின்னிழை விளக்கு தான் பெறும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுகிறது. அவ்வெப்பத்தை அமுக்கி (கம்ப்ரசர்) மீண்டும் வெளியேற்ற வேண்டியுள்ளது. அதே அளவு ஒளியை எல்.இ.டி ஏறத்தாழ 1 முதல் 2 வாட்டில் தரும். குளிர்ந்த சூழல் அதன் ஆயுளுக்கும் ஏற்றது.

ஆயினும் சேமிப்பு மிகச் சிறிது. கதவு நாளொன்றுக்கு 10 நிமிடம் திறந்திருப்பதாகக் கொண்டால், 15 வாட் விளக்கு ஆண்டு முழுவதும் செலவிடுவது ஓர் அலகுக்கும் (1 கிலோவாட் மணி) குறைவு. பொத்தான் பழுதடைந்து விளக்கு அணையாமல் எரிந்தால் நிலை வேறு. அப்போது நாளொன்றுக்கு 360 வாட் மணி செலவாவதுடன் உணவும் வெப்பமடையும். கதவைத் திறந்து பொத்தானை விரலால் அழுத்தினால், அது விளக்கை அணைக்கிறதா என அறியலாம்.

குளிர்காலச் சுற்று

ஐரோப்பாவில் விற்பனையான சில பெட்டிகளில் ஓர் அமுக்கியும் ஒரே வெப்பநிலைக் கட்டுப்படுத்தியும் மட்டுமே உள்ளன. கட்டுப்படுத்தி குளிரறையில் இருப்பதால், வீட்டின் வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்குக் கீழ் குறையும்போது, குளிரறை தானாகவே குளிர்ந்திருக்கும்; அமுக்கி போதிய நேரம் இயங்காது. இதனால் உறைநிலை அறையில் உள்ள உணவு உருகத் தொடங்கும்.

இதைத் தவிர்க்கக் குளிர்கால ஆளி ஒன்று அமைக்கப்பட்டது. அதை இயக்கினால், கதவு மூடியிருக்கும்போதும் விளக்கு குறைந்த திறனில் மங்கலாக எரிந்து குளிரறையைச் சிறிது வெப்பப்படுத்தும், அமுக்கியும் இயங்கும். இத்தகைய பெட்டியில் எல்.இ.டி பொருத்தினால் போதிய வெப்பம் கிடைக்காமல், உறைந்த உணவு கெட நேரிடலாம். எனவே இவ்வாளி உள்ள பெட்டிகளில் மின்னிழை விளக்கையே தொடர்வது நலம்.

மாற்றும் முறை

* மின்செருகியைக் கழற்றிய பின்னரே விளக்கைத் தொடவேண்டும். பொத்தானை மட்டும் நம்புதல் கூடாது.
* பழைய விளக்கு சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருந்து, மூடியை அகற்றித் திருகிக் கழற்றலாம்.
* புதிய விளக்கின் அடி, மின்னழுத்தம், நீளம், பருமன் ஆகியவை பழையதை ஒத்திருக்க வேண்டும்.
* ஈரப்பதம் தாங்கும் விளக்கைத் தேர்ந்து, மூடியை மீண்டும் பொருத்த வேண்டும்.

புதிய பெட்டிகள் பலவற்றில் எல்.இ.டி, குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் தனித் தொகுதியாக அமைந்துள்ளது. அதனை அப்பெட்டிக்குரிய உதிரிப் பாகத்தாலேயே மாற்ற இயலும்.

சமையல் அடுப்பு விளக்கு

மின்சூளையின் (ஓவன்) உள்விளக்கும் தோற்றத்தில் இதனை ஒத்தது. ஆனால் சூளையின் கடும் வெப்பத்தில் எல்.இ.டியின் மின்னணுப் பாகங்கள் பழுதாகும். ஆகவே அங்கு வெப்பம் தாங்கும் மின்னிழை விளக்கே பயன்படுகிறது.