தமிழ் எழுத்தும் விசைப்பலகையும்

மொழி நாவிற் பிறப்பது. அதன் எழுத்துருவமோ கருவியின் கைப்பட்டு வளர்வது. பனையோலையும் எழுத்தாணியும் ஆட்சி செய்த காலத்தில், ஓலை கிழிந்துவிடும் என்னும் அச்சத்தால் மெய்யெழுத்துக்களுக்குப் புள்ளி இடாது விடுதல் வழக்காயிற்று என்பர். மெய்யோ உயிர்மெய்யோ, குறிலோ நெடிலோ என்பதைப் படிப்பவனே இடம் நோக்கி உணர வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வடிவத்தாற் காட்டும் முறையை வகுத்தார். அச்சுப்பொறி வந்தபின் புள்ளியும் நிலைபெற்றது. ஆதலின் தமிழ் எழுத்தின் வரலாறு புலவர்களின் வரலாறு மட்டுமன்று, கருவிகளின் வரலாறுமாம். அக்கருவிகளுள் மிகப் பிந்தியது, இன்று சிறுவர் முதல் முதியோர் வரை யாவரும் கையாளும் விசைப்பலகை. அதன் கதையில் யாழ்ப்பாணத்துக்கும் சிறப்பான பங்கு உண்டு.

பண்டத்தரிப்பிலே மருத்துவர் யோன் ஸ்கடர் தம் பணியைத் தொடங்கிய 1820ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க மிசனுக்கென அச்சாளர் ஒருவரும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஆயின் அவர் இங்குத் தங்கித் தொழில் செய்ய அக்கால ஆங்கில ஆட்சியாளர் இசைவு தரவில்லை. 1834ஆம் ஆண்டிலேதான் அயலூராகிய மானிப்பாயில் மிசன் அச்சகம் நிலைபெற்றது. எட்டாண்டுகள் கழித்து, 1842இல், ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட தமிழ் அகராதி மிசனாரின் முயற்சியால் வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையிலே தமது அச்சியந்திரசாலையை நிறுவினார். இவ்வாறு ஓலையிலிருந்து தாளுக்கு மாறிய காலத்தில் தமிழ் எழுத்தின் பெருந்தொகை ஒரு தடையாகத் தோன்றவில்லை. அச்சுக்கோப்பவன் முன்னே பல அறைகள் கொண்ட பெட்டி இருந்தது. வேண்டிய எழுத்தை அவன் வேண்டிய அறையிலிருந்து எடுத்துக் கோத்தான். எழுத்து மிகுந்தால் அறையும் மிகும், அவ்வளவே.

தட்டெழுத்துப் பொறியின் நிலை வேறு. அமெரிக்கராகிய சோல்ஸ் என்பார் 1868இல் உரிமம் பெற்று, றெமிங்ரன் நிறுவனத்தார் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அப்பொறி, இருபத்தாறு எழுத்துக்களையுடைய ஆங்கிலத்துக்கென அமைந்தது. மனிதனின் பத்து விரல்களும் எட்டத்தக்க பரப்பு அதன் எல்லை. விசைகள் பெரும்பாலும் 42 முதல் 46 வரை. ஒவ்வொரு விசையிலும் இரண்டு உருவங்கள். ஆகவே கிடைக்கும் இடம் தொண்ணூற்றின் அளவே. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துக்கள் 247. இவற்றோடு எண்களும் நிறுத்தக்குறிகளும் வடமொழியின் பொருட்டு வந்த எழுத்துக்களும் சேரும். 247ஐத் தொண்ணூறு இடங்களுக்குள் எவ்வாறு அடக்குவது? இதுவே தமிழ் விசைப்பலகை எதிர்கொண்ட முதல் வினா.

இவ்வினாவுக்கு விடை கண்டவர் யாழ்ப்பாணத்தவரான இரா. முத்தையா. 1886ஆம் ஆண்டிற் பிறந்த அவர், அக்கால யாழ்ப்பாணத்து இளைஞர் பலரைப் போலவே கடல் கடந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று தொழில் புரிந்தார். ஆங்கிலக் கடிதங்கள் பொறியிலே விரைந்து உருவாகத் தமிழ்க் கடிதங்கள் மட்டும் கையால் எழுதப்பட்டுவந்த காலம் அது. அவர் தமிழ் எழுத்துக்களின் உறுப்புக்களைப் பிரித்து ஆராய்ந்து விசைப்பலகை ஒன்றை வகுத்தார். முதலாம் உலகப் போர் முடிந்தபின் யேர்மனியில் டிறெஸ்டன் நகரத்துச் சைடல் - நவுமன் நிறுவனத்தாரைக் கொண்டு அப்பொறியைச் செய்வித்தார். அந்நிறுவனத்தாரின் ‘பிஜோ’ என்னும் சிறு பொறியும் தமிழெழுத்துத் தாங்கி வந்தது. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் தந்தை என அவர் போற்றப்படுதல் தகும்.

முத்தையா கண்ட வழி எளியதும் நுட்பமானதுமாகும். உயிர்மெய் ஒவ்வொன்றையும் தனி உருவமாகக் கொள்ளாது, அடிப்படை எழுத்து ஒன்று, அதனோடு சேரும் குறி ஒன்று எனப் பகுத்துக்கொண்டால் இடம் பெரிதும் மிஞ்சும். காலும் கொம்பும் இணைக்கொம்பும் தனித்தனி விசைகளாயின. எழுத்தின் தலைமேல் நிற்கவேண்டிய புள்ளிக்கு நகரா விசை பயன்பட்டது. பொறியில் ஒரு விசையைத் தட்டியதும் தாளேந்தி ஓரிடம் நகரும். நகரா விசையைத் தட்டினால் உருவம் பதியும், தாளேந்தி நகராது. ஆகவே முதலிற் புள்ளியைத் தட்டிப் பின்னர் ககரத்தைத் தட்டினால் இரண்டும் ஓரிடத்திற் பொருந்திக் ககரமெய் உருவாகும்.

ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கையால் எழுதுபவன் எழுத்தை எழுதிப் பின்னர்ப் புள்ளி இடுகின்றான். பொறியிலோ புள்ளி முந்திற்று. ‘கொ’ என்னும் எழுத்துக்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டுக்கள் வேண்டியிருந்தன. ஒலிக்கும்போது ககரமெய் முன்னும் ஒகரவுயிர் பின்னும் கேட்கும். பொறியில் ஒகரத்தின் ஒரு பாதி முன்னும் மறுபாதி பின்னும் நின்றன. பொறி அறிந்தது உருவத்தை மட்டுமே, ஒலியை அன்று. இஃது அதனை வகுத்தவரின் குறையன்று. இரும்பாலான பொறியால் இயன்றது அவ்வளவே.

பொறியின் நெருக்கடி எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் துணை நின்றது. ணா, றா, னா முதலியவற்றுக்கும், ணை, லை, ளை, னை என்பவற்றுக்கும் முன்னர்த் தனி உருவங்கள் இருந்தன. பெரியார் ஈ. வே. இராமசாமி 1935இல் தம் இதழில் எளிய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். தமிழ்நாட்டரசு 1978இல் அவற்றுட் பதின்மூன்று எழுத்துக்களின் புதிய வடிவத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. அச்சுக்கும் தட்டெழுத்துக்கும் அதனால் விளைந்த எளிமை பெரிது. அரசியல் மாற்றங்களும் விசைப்பலகையின் தேவையை மிகுவித்தன. சென்னை மாநிலத்தில் 1956ஆம் ஆண்டின் சட்டம் தமிழை ஆட்சிமொழி ஆக்கிற்று. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என விதித்தது. சட்டம் ஒரு மொழிக்கு உரிமையை வழங்கலாம். அவ்வுரிமையைக் கந்தோரிலே கடிதமாக்குவது விசைப்பலகையே.

இத்தகைய இடர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. யப்பானியர் நிலை இதனினும் கடியது. அவர்கள் ஒலியைக் குறிக்கும் ‘கானா’ எழுத்துக்களோடு சீனத்திலிருந்து வந்த ‘கஞ்சி’ என்னும் சொல்லெழுத்துக்கள் பல்லாயிரத்தையும் கலந்து எழுதுவர். 1915இல் சுகிமோத்தோ கியோத்தா என்பார் உரிமம் பெற்ற யப்பானியத் தட்டெழுத்துப் பொறியில் ஏறத்தாழ 2,400 எழுத்துக்கள் ஒரு தட்டிலே பரப்பப்பட்டிருந்தன. தட்டெழுத்தாளர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பதிக்கவேண்டும். விரலால் எட்டமுடியாத அவ்வெழுத்துக்களைக் கணிப்பொறியே எட்டச் செய்தது. தொசிபா நிறுவனத்தார் 1978இல் வெளியிட்ட சொல்லாக்கப் பொறியில் ஒலியை மட்டும் தட்டினாற் போதும். அவ்வொலிக்கு உரிய சொல்லெழுத்துக்களைப் பொறியே தேடிக் காட்டும். தட்டுவது ஒன்று, தோன்றுவது வேறொன்று என்னும் இவ்வுண்மை விசைப்பலகையின் வரலாற்றிற் பெருந்திருப்பமாகும். விசையின்மேல் இருக்கும் உருவமே தாளில் விழவேண்டும் என்னும் கட்டு அன்று அவிழ்ந்தது.

தமிழிலும் அக்கட்டு அவிழ்ந்தது. ஆனால் உடனடியாக அன்று. தொடக்கத்திற் கணினியில் தமிழ் எழுதியோர் ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் உருவங்களை அமைத்த எழுத்துருக்களைக் கையாண்டனர். இலங்கையில் மிகப் பரவிய ‘பாமினி’ அத்தகையது. தட்டெழுத்துப் பொறியின் ஒழுங்கையே தழுவிய அதில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில விசைகளையும் அரைப்புள்ளி விசையையும் முறையே தட்டினால் ‘தமிழ்’ என்னும் சொல் தோன்றும். தட்டெழுத்துக் கற்றோருக்கு இது பெருவாய்ப்பு. ஆயினும் பொறியின் உள்ளே இருந்தது தமிழன்று. ஆங்கில எழுத்தின் மேற் போர்த்த தமிழ்த் தோற்றமே. அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அதே கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே நிரம்பி நின்றன. எழுத்துருக்கள் பெருகப் பெருகக் குழப்பமும் பெருகிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றோருட் பலர் தாய்நிலத்துக்கு வெளியே வாழ்ந்த தமிழராவர். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செயலியை எண்பதுகளில் உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி இணையத்திலே தமிழை ஏற்றுவதற்கு 1995இல் வழி கண்டார்; அவர் முயற்சியால் 1997இல் அந்நகரிலே தமிழிணைய மாநாடும் கூடிற்று. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை ஆக்கி இலவசமாகவே வழங்கினார். இதற்கிடையில் 1991இல் வெளிவந்த ஒருங்குறி உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் வகுத்துத் தமிழுக்கும் 128 இடங்களை ஒதுக்கிற்று. அதில் ‘கெ’ என்னும் எழுத்துத் திரையிலே கொம்பு முந்தித் தோன்றினும், நினைவகத்திலே ககரம் முன்னும் எகரக் குறி பின்னுமாகவே நிற்கும். உருவத்தின் ஒழுங்கு போய் ஒலியின் ஒழுங்கு வந்தது.

விசைப்பலகையிலும் அம்மாற்றம் 1999இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு பெப்ரவரி மாதத்திற் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு அறிவித்தது. அதன் அமைப்பு இலக்கணம் கற்ற மாணவனுக்கு எளிதிற் புலனாகும். பன்னிரண்டு உயிர்கள் இடக்கைப் புறத்திலும், பதினெட்டு மெய்வரிசை எழுத்துக்கள் பெரும்பாலும் வலக்கைப் புறத்திலும் நிற்கும். அவற்றோடு புள்ளி ஒன்று. ஆக முப்பத்தொரு விசைகள். மேலெழுத்து விசையை அழுத்தாமலே தமிழின் உயிரையும் மெய்யையும் உயிர்மெய்யையும் எழுதிவிடலாம். விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில், மிகுதியாக வழங்கும் அ, இ, உ, எ என்பன இடக்கைக்கும், க, ப, ம, த, ந, ய என்பன வலக்கைக்கும் வாய்த்துள்ளன. ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால் ‘கொ’ பிறக்கும். முன்னர் மூன்றாக இருந்த தட்டு இரண்டாயிற்று.

இன்னுமொரு நயமும் உண்டு. ஒரே எழுத்து இரட்டித்து வந்தால் முன்னதற்குப் பொறியே புள்ளியிடும். மெல்லெழுத்தை அடுத்து அதன் இனவல்லெழுத்து வந்தாலும் அவ்வாறே. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டுக்களும், ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ என்னும் நான்கு தட்டுக்களும் போதும். இரட்டித்தலையும் இனவெழுத்தையும் வகுப்பறையிற் கற்ற மாணவன் அவற்றைப் பொறியின் உள்ளே காண்கின்றான். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் காட்டிய இலக்கணம். பல நூற்றாண்டு ஓலையும் தாளும் இரும்பும் காட்டாத அவ்வொழுங்கை விரல்நுனியிலே காட்டியது இப்பலகையே.

இத்துணைச் சிறப்பிருந்தும் இன்று இளைஞருட் பலர் தமிழை ஆங்கில எழுத்தின் வழியாகவே தட்டுகின்றனர். ‘அம்மா’ என்பதை ஆங்கில ஒலியால் தட்டப் பொறி அதனைத் தமிழாக்கித் தருகின்றது. இவ்வழி இகழத்தக்கதன்று. தமிழ் விசைப்பலகை கிட்டாத நாடுகளில் வாழ்ந்த தமிழர் இணையத்திலே தமிழை வளர்த்தது பெரிதும் இதன் துணையாலேயே. ஆயினும் இதனால் நேரும் இழப்பை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ந, ண, ன என்னும் மூன்றுக்கும், ல, ள, ழ என்னும் மூன்றுக்கும், ர, ற என்னும் இரண்டுக்கும் ஆங்கிலத்திற் போதிய எழுத்துக்கள் இல்லை. மாணவன் ஒன்றைத் தட்டிப் பொறி நீட்டும் சொற்களுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றான். சரியான எழுத்து எது என்னும் தீர்ப்பு அவனிடமிருந்து பொறிக்குச் சென்றுவிடுகின்றது. தமிழை எழுதுமுன் ஆங்கிலமாக எண்ணிப் பார்க்கும் பழக்கமும் வேரூன்றுகின்றது.

நல்ல அமைப்பு என்பதனாலேயே ஒரு விசைப்பலகை வென்றுவிடும் என்று எண்ணுதலும் பொருந்தாது. யப்பானில் பியுஜித்சு நிறுவனத்தார் 1980இல் தம் மொழிக்கே உரிய பெருவிரல் விசைப்பலகை ஒன்றை அறிமுகப்படுத்தினர். அதனைக் கற்றோர் மிக விரும்பினர். எனினும் யப்பானியருட் பெரும்பாலோர் ஆங்கில எழுத்துவழித் தட்டுதலையே கைக்கொண்டனர். அவ்வமைப்புடைய பொறிகளின் விற்பனை 2021இல் முடிவுற்றது. பள்ளியிலும் கந்தோரிலும் முதலிற் பழகியதே இறுதிவரை நிற்கும் என்பது அவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

இலங்கையில் 2008ஆம் ஆண்டின் தர நிர்ணயம் தட்டெழுத்து மரபில் வந்த இரங்கநாதன் விசைப்பலகையை ஏற்றது. பாமினி வழி பழகியோரும் தமிழ் 99 கற்றோரும் ஆங்கில எழுத்துவழித் தட்டுவோரும் ஒரே கந்தோரில் அருகருகே இருந்து பணிபுரிதல் அரிதன்று. முதியோர் தாம் பழகியதை விடவேண்டும் என்பது எவர்க்கும் கருத்தன்று. இனிக் கற்கப்போகும் சிறுவரைப் பற்றியதே வினா. ஏடு தொடக்கும் நாளில் அரிசியிலே அகரம் எழுதுவிக்கும் மரபு யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகின்றது. அதே குழந்தை பின்னாளிற் கணினியின்முன் அமரும்போது அகரத்துக்குரிய விசை எது என்று அறியாதிருத்தல் அம்மரபுக்கு ஒவ்வாது. ஆங்கில எழுத்துவழிப் பழக்கம் வேரூன்றுமுன், இடைநிலை வகுப்புக்களிலேயே ஒலிவழி அமைந்த தமிழ் விசைப்பலகையைப் பயிற்றுதல் தக்கதாம்.

முத்தையாவின் காலத்தில் ஒரு பலகையை மாற்றவேண்டுமெனில் டிறெஸ்டனில் உலோகத்தை வார்க்கவேண்டியிருந்தது. இன்றோ கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தெரிவு ஒன்றை மாற்றினாற் போதும், பொருட்செலவு இல்லை. வேண்டுவது சில கிழமைப் பயிற்சியும், அதனைக் கற்பிக்க முன்வரும் ஆசிரியர்களுமே.