யாரைக் கேட்டுப் போட்டார்கள்? ராஜாஜியின் பி.சி.ஜி. சிறுநூல்: ஒரு மறுவாசிப்பு

1955இல் சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி) பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியை எதிர்த்து வெளியிட்ட ஆங்கிலச் சிறுநூலை ஆய்வாளர்கள் இரண்டு விதமாகவே வாசித்து வந்திருக்கிறார்கள். ஒரு சாராருக்கு அது நவீன மருத்துவத்தின்மீது வைதிக மனம் கொண்ட ஒவ்வாமை. மறு சாரார் பிற்காலத்துச் செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ‘பெரியவர் அன்றே சொன்னார்’ என்கிறார்கள். தடுப்பூசி பலிக்குமா பலிக்காதா என்பதற்கான தீர்ப்பாகவே இரு சாராரும் அந்நூலை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் கனம் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

இரண்டாம் வாசிப்பு கால வரிசையிலேயே இடறுகிறது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் கட்டுப்பாட்டுச் சோதனையின் முதல் முடிவை 1956இல் வெளியிட்டபோது, தடுப்பூசி ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்புத் தருவதாகத் தெரிந்தது. ஆக, சிறுநூல் வெளிவந்த மறுவருடமே சான்று அவருக்கு எதிராகத் திரும்பியது. செங்கல்பட்டு ஆய்வு தொடங்கியது 1968இல். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற அதன் முதல் அறிக்கை வந்தது 1979இல், ராஜாஜி மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. இதைத் தீர்க்கதரிசனம் என்பது பிற்கால அறிவை முற்காலத்துக்கு ஏற்றுவதாகும்.

சிறுநூலின் வாதத்தில் குறைந்தது மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன: ஆரோக்கியமான பிள்ளைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவது, வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்தில்லாதது, அந்தக் கருத்து வேற்றுமையை மறைத்துக் கோடிக்கணக்கானோருக்கு ஊசி போடுவது. முதல் இழைதான் அதிகம் கேலிக்குள்ளானது, அதுதான் பலவீனமானதும்கூட. வீரியம் குறைக்கப்பட்ட கிருமி என்பதற்கு அவர் உரிய இடம் தரவில்லை. ஆனால் கேலி செய்தவர்கள் மூன்றாம் இழையைத் தொடவே இல்லை. சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் தரப்பின் மறுமொழியும், என் வாசிப்பில், பாதுகாப்பு பற்றியதாகவே நின்றுவிடுகிறது. கேட்டது ஒன்று, கிடைத்த விடை வேறொன்று.

தடுப்பூசி முகாம் நடந்த முறையைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் முன்கையில் டியூபர்குலின் சோதனை ஊசி. மூன்றாம் நாள் வந்து வீக்கத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். வீங்காத கைக்காரருக்குத் தோள்பக்கம் தோலுக்குள் பி.சி.ஜி. ராயப்பேட்டைப் பள்ளி ஒன்றில் வரிசையில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். விருப்பப்பட்டவர்களுக்கே ஊசி என்பதுதான் கொள்கை. வாத்தியார் நிறுத்திய வரிசையிலிருந்து எந்தப் பிள்ளை விலகும்? கிண்டியில் 1948 முதல் இயங்கிய பி.சி.ஜி. ஆய்வகத்தின் தரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இக்கேள்விக்கு அது விடையாகாது.

1954இல் முதல்வர் பதவியிழந்தவரின் அரசியல் மனக்கசப்பு இது என்பார்கள். இருக்கட்டும், நோக்கம் எதுவானாலும் வாதம் வாதமே. தவிர, ராஜாஜிக்கு முன்பே சுகாதாரப் பொறியாளராக இருந்த ஏ.வி. ராமன் சென்னையில் இதே எதிர்ப்பைப் பத்திரிகை வழியே எழுப்பிவந்தார். அதிக சங்கடம் தருவது வேறொன்று. 1953இல் சட்டமன்றத்தைக் கலக்காமல் அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கிராமங்கள்மீது இறக்கியவரும் இவரே. மக்களைக் கேட்டுச் செய் என்று சொல்லும் தகுதி அவருக்கு இருந்ததா என்று கேட்கலாம். அதற்காகக் கோரிக்கை செல்லாததாகிவிடாது.

இந்த வாசிப்புக்கும் எல்லை உண்டு. அன்று சென்னையில் காசநோய்ப் படுக்கை கிடைப்பதே அரிது. வீட்டிலிருந்தே மருந்து தரும் முறையைச் சோதித்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் வந்ததே 1956இல்தான். காத்திருப்பதிலும் உயிர்கள் போகும் என்ற கணக்கைச் சிறுநூல் போதிய அளவு போடவில்லை. சேதியை முழுதாகச் சொல் என்பதும் ஊசியை நிறுத்து என்பதும் வெவ்வேறு கோரிக்கைகள். ராஜாஜி முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு அவசரமாகத் தாவிவிட்டார்.

பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுகிறோம், மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பதால் சரிதான். ஆனால் 2024இல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கும் அது ஆய்வு நோக்கில் மீண்டும் வந்திருக்கிறது: அறுபது கடந்தோர், நீரிழிவு உள்ளோர், புகைப்போர். ஒப்புதல் படிவம் உண்டு. அதில் கையெழுத்திடுபவருக்குச் செங்கல்பட்டில் கண்டது என்ன என்று சொல்லப்பட்டதா என்பதைக் கொண்டே அந்தப் படிவத்தை நான் மதிப்பிடுவேன்.